கோயிலுக்குப் போக முடியாத தவக்காலம்: வீட்டில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் போன்ற தோட்டப்புற ஊரில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாள்களான தவக்காலத்தில் கோயிலுக்குப் போக முடியாமல் போவதற்குக் கொள்ளைநோய் வர வேண்டும் என்பதில்லை. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் விழுந்தால் போதும். படுக்கையில் இருக்கும் தாயாரைத் தனியே விட முடியாத நிலை என்றால் போதும். உள்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிறு காலையில் பட்டணத்துக்கு வர பஸ் இல்லை. கார் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். 2023இல் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் பிப்ரவரி 22ஆம் தேதி வந்தது. அடுத்த வாரமே சிகாமட், லாபிஸ் வட்டாரங்களில் வெள்ளம் புகுந்தது; தவக்காலத்தின் முதல் நாள்களைப் பலர் பள்ளிக்கூட மண்டபங்களில் பாய் விரித்துக் கழித்தார்கள். 2020ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது, ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர். இடைப்பட்ட புனித வாரம் முழுவதும் கோயில்கள் பூட்டிக் கிடந்தன.

புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் திருமணமாகி வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பிறவிக் கிறிஸ்தவர்களாக இருந்தும் எல்லாவற்றையும் ஃபாதரும் பாடகர் குழுவும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். முறைகள் பெரும்பாலும் கத்தோலிக்க முறைகள். இதே காலத்தை லெந்து நாட்கள் என்று கொண்டாடும் தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபையினருக்கும் பாதிக்கு மேல் உதவும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் இயங்கலைத் திருப்பலியைப் போட்டு வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து, நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதைத் தவக்காலம் அனுசரிப்பது என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டார் தங்கள் வாயால் வாசிக்க வேண்டும், தங்கள் முழங்காலில் நிற்க வேண்டும். பத்து நிமிடம்தான் முடியும் என்றால் பத்து நிமிடம் செய்யுங்கள். அந்தப் பத்து நிமிடமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

முதல் வேலை: நாள்களை எழுதி ஒட்டுங்கள்

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நாள்களைக் கோயிலே நினைவூட்டிவிடும். வீட்டில் இருப்பவருக்கு எல்லா நாளும் ஒன்றுபோல் ஓடிவிடும், அதனால் நாள்காட்டிதான் முதல் கருவி. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனிக்கிழமை வரை 46 நாள்கள். அவற்றில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு நோன்பு நாள் அல்ல. 2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, குருத்து ஞாயிறு மார்ச் 29, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், வெள்ளிக்கிழமைகளைச் சுழியுங்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைத்தால் நாகசாக்கியை எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்கள் இல்லை, கோயில் இல்லை. சுமார் 250 ஆண்டுகளுக்குப் பிறகு, 1865ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, உரக்காமி கிராமத்தார் சிலர் நாகசாக்கியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஔரா கோயிலுக்கு வந்து பெட்டிஜான் அடிகளாரிடம் தாங்களும் அதே விசுவாசிகள்தான் என்றார்கள். தாங்கள் துயரக் காலத்தின், அதாவது தவக்காலத்தின், 17ஆம் நாளில் இருப்பதாகவும் சொன்னார்கள். அந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1. எண்ணிப் பார்த்தால் 17 சரியாக வருகிறது! தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். பெட்டிஜான் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்தவர். மலாயாவில் நம் முன்னோருக்குப் பூசை வைத்த குருக்கள் பலரும் அதே சபையினர்தாம்.

நாள்காட்டியில் விடுமுறைக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். தீபகற்பத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறை அல்ல. சபாவிலும் சரவாக்கிலும் உண்டு. ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்ததால் பலருக்குப் பெரிய வெள்ளி தானாகவே ஓய்வு நாளாகக் கிடைத்தது, ஈஸ்டர் ஞாயிறு வேலை நாளானது. 2025 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. ஆகவே பெரிய வெள்ளிக்கு விடுப்பு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள்.

இடமும் நேரமும் ஆளும்

இடத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு சிறிய மேசை, ஊதாத் துணி, சிலுவை, வேதாகமம், ஒரு மெழுகுவர்த்தி. தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை, எனவே வீட்டிலும் வேண்டாம். ஐந்தாம் ஞாயிறிலிருந்து சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடும் வழக்கம் உண்டு. விருப்பமிருந்தால் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு அது நன்றாக மனத்தில் பதியும். வீட்டுப் பீடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் புலனக் குழுவில் போடுவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நேரத்தை வீட்டின் வேலை நேரமே முடிவு செய்யட்டும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் எழுகிறார். அவரை இரவு பத்து மணிக்குச் செபத்துக்கு உட்கார வைத்தால் தூங்கிவிடுவார், தூங்குவதுதான் நியாயம். மாலை குளித்து முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். ஷிப்ட் மாறும் வீடுகளில் வாரத்துக்கு வாரம் நேரம் மாறலாம். ஞாயிறு இரவே அடுத்த வாரத்துக்கான நேரத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஆள் விஷயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். “நாமே நடத்தலாமா? ஃபாதர் வேண்டாமா?” என்று கேட்பார்கள். திருப்பலிக்கும், பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குரு வேண்டும். வாசகம், திருப்பாடல், மன்றாட்டு, செபமாலை, சிலுவைப் பாதை எதற்கும் வேண்டியதில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் கத்தோலிக்கக் குருக்கள் அங்கே இருக்க முடியவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தபோது, ஒளிந்து செபித்துக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களைக் கண்டார். பின்னர் அவர் ஊர்களில் செபம் நடத்தும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நிறுத்தித்தான் திருச்சபையை நடத்தினார். நம் தோட்டங்களிலும் அப்படித்தானே? ஃபாதர் மாதத்துக்கு ஒரு முறையோ அதைவிட அரிதாகவோ வருவார். மற்ற நாள்களில் வேதியரோ செபம் தெரிந்த ஒரு பெரியவரோ நடத்துவார். அவர் வேலை இப்போது உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கிறது.

ஒருவர் வழிநடத்தட்டும், இன்னொருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் பதில் சொல்லட்டும். எல்லாவற்றையும் அப்பாவே செய்தால் மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் தெரிந்த மொழியில் வாசிக்கட்டும். தடுக்கித் தடுக்கித் தமிழில் வாசித்தால் அதுவும் நல்லது, சிரிக்காமல் இருங்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் திருப்பாடல்களும் வியாகுலப் பாட்டுகளும் மனப்பாடமாக இருக்கும். அவரைப் பாடச் சொல்லுங்கள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுங்கள்.

திருநீற்றுப் புதன்

சாம்பல் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். சில பங்குகளில் (கோயில் வட்டாரங்களில்) மந்திரித்த சாம்பலைச் சிறு பொட்டலமாகக் கொடுத்தனுப்புவார்கள்; கிடைத்தால் குடும்பத் தலைவர் ஒவ்வொருவர் தலையிலும் சிறிது தூவலாம். கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலை எடுத்துச் சடங்கை நீங்களே உருவாக்காதீர்கள். அன்றைய வாசகங்கள் யோவேல் 2ஆம் அதிகாரம் 12 முதல் 18 வரை, மத்தேயு 6ஆம் அதிகாரம் 1 முதல் 6, 16 முதல் 18 வரை. நோன்பிருப்பதை ஊருக்குக் காட்டாதே, முகத்தைக் கழுவிக்கொள் என்றுதான் அந்த நற்செய்தி சொல்கிறது. நெற்றியில் சாம்பல் இல்லாமல் அதைக் கேட்பவருக்கு ஒரு குறையும் இல்லை.

நோன்பும் தருமமும்

கத்தோலிக்க விதி சுருக்கமானது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாள்கள்: 18 வயது முதல் 59 வயது வரை ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சிறிதளவு. அந்த இரு நாளும் தவக்கால வெள்ளிகள் எல்லாமும் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இறைச்சி இல்லை. மீன் உண்ணலாம். அதற்காகக் கோழிக்குப் பதில் இறாலும் நண்டும் கணவாயும் வாங்கிவந்து விருந்து வைப்பது விதியை மீறவில்லை, கேலி செய்கிறது. கஞ்சியும் பருப்புத் துவையலும் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் குடிக்கலாம். அண்மை ஆண்டுகளில் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் ஒன்றோடொன்று கலந்து வருவதால், பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். விளக்கிச் சொல்லுங்கள். நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் நோன்பிருக்க வேண்டியதில்லை. கொதிக்கும் வெயிலில் செம்பனைக் குலை அறுப்பவர், உரம் போடுபவர் முழுச் சாப்பாட்டை வேலைக்கு முன் வைத்துக்கொள்ளட்டும். தலை சுற்றினால் சாப்பிடட்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. நம் மக்களிடையே அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்ததுதானே.

தருமம் செய்வதைப் பொறுத்தவரை, ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலமும் இதுதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறையும், வெட்டுகிறவர்களின் வருமானமும் குறையும். தவக்கால உண்டியலை வீட்டு மேசையில் வைத்து, சாப்பிடாமல் விட்ட வேளையின் காசை அன்றன்றே போடுங்கள். ஈஸ்டருக்குப் பிறகு மொத்தமாகப் பங்கில் கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த வீட்டில் அரிசி இல்லை என்று தெரிந்தால் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம்.

சிலுவைப் பாதை

வீட்டில் செய்வதற்கென்றே பிறந்தது என்று ஒரு வழிபாட்டைச் சொல்லலாம் என்றால் அது சிலுவைப் பாதைதான். எருசலேமுக்குப் போக முடியாத கோடிக்கணக்கானோருக்காக, அந்த நகரில் இயேசு சிலுவை சுமந்த பாதையை அவரவர் ஊரிலேயே நடக்கும் வழியாக அது வளர்ந்தது. புனித பூமியைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவிகள் அதைப் பரப்பினார்கள். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளெமெண்ட், நின்று தியானிக்கும் நிலைகள் 14 என்று உறுதி செய்தார். போக முடியாதவர்களின் வழிபாட்டை, போக முடியாத நாளில் செய்கிறோம். இதில் தாழ்வு எதுவும் இல்லை.

செய்முறை: 14 தாள்களில் 1 முதல் 14 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை வரையச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாசலில் தொடங்கி, வரவேற்பறை, சமையலறை, பின்கட்டு என்று ஒட்டுங்கள். எதை எங்கே ஒட்டுவது என்று யோசிப்பதே பாதி தியானம். வெரோணிக்கா முகம் துடைத்த ஆறாம் நிலையைத் துணி காயப்போடும் இடத்தில் ஒட்டலாம். தாயைச் சந்தித்த நான்காம் நிலை அம்மாவின் அறைக் கதவுக்குப் பொருத்தம். ஒவ்வொரு நிலையிலும் நிலையின் பெயர், ஒரு சிறு வாசகம் அல்லது சொந்த மன்றாட்டு, ஒரு பரலோக மந்திரம், ஒரு வரிப் பாட்டு. முழுவதற்கும் அரை மணி நேரம் ஆகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மாடிப்படியைப் பயன்படுத்தலாம், அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

செம்பனைக் காட்டுப் பாதையில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் போகாதீர்கள், அந்தி சாய்ந்த பிறகு வேண்டவே வேண்டாம். காட்டுப்பன்றியும் பாம்பும் தவக்காலம் அனுசரிப்பதில்லை. படுக்கையில் இருப்பவருக்குக் கையில் ஒரு பாடுபட்ட சுரூபத்தை (இயேசுவின் உருவம் உள்ள சிலுவையை) கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவர் அறையிலேயே உட்கார்ந்து 14 நிலைகளையும் வாசியுங்கள். நோயாளிகள் சுரூபத்தைக் கையில் பிடித்தபடியே சிலுவைப் பாதை செய்வதற்குத் திருச்சபையில் பழைய அனுமதியே உண்டு.

திரையை என்ன செய்வது?

திரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு ஒரு திருப்பலியை அதில் பாருங்கள், ஒன்று போதும். வத்திக்கான், பினாங்கு, கோலாலம்பூர், சென்னை என்று தாவித் தாவிப் பார்ப்பவர் எதிலும் பங்கெடுப்பதில்லை. முடிந்தவரை உங்கள் மறைமாவட்டத்தின் ஒளிபரப்பைத் தேர்ந்தெடுங்கள்; லாபிஸ் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தில் இருக்கிறது. கைப்பேசியை ஒருவர் கையில் வைத்திருக்காமல், மேசையில் சிலுவைக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். எழ வேண்டிய இடத்தில் எழுங்கள், பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உள்தோட்டங்களில் இணைய வேகம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேரலை அறுந்து அறுந்து வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பட்டணத்துக்கு வரும்போது பதிவு செய்யப்பட்ட காணொலியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அன்றைய வாசகங்களை வீட்டிலேயே வாசித்து முடித்துவிடலாம். ரோம் வழிபாடுகளைப் பார்க்க விரும்புவோர் நேரக் கணக்கைக் கவனிக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறுக்கு முன் 7 மணி நேர வேறுபாடு, அதன்பின் 6 மணி நேரம். ஈஸ்டர் அன்று ரோமில் நண்பகல் 12 மணிக்குத் திருத்தந்தை கொடுக்கும் ஆசி நமக்கு மாலை 6 மணிக்கு வரும். 2020 மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் தனியே நின்று செபித்தபோது இங்கே நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி.

பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. தொலைபேசியிலோ காணொலி அழைப்பிலோ பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. குருவை அடைய வழியே இல்லாதபோது, கடவுளின் மேல் உள்ள அன்பினால் எழும் உண்மையான மனஸ்தாபத்தோடு, அதாவது பாவத்துக்காக வருந்தும் மனத்தோடு, முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் இருந்தால், சாவான பாவங்களுக்கும் மன்னிப்பு உண்டு என்பது திருச்சபையின் பழைய போதனை; 2020 மார்ச்சில் வத்திக்கான் இதை மீண்டும் நினைவூட்டியது. எனவே இரவில் ஒரு மனச்சோதனை, மனஸ்தாப மந்திரம், ஒரு தாளில் குறிப்பு. குறிப்பை மற்றவர் கண்ணில் படாமல் வையுங்கள்.

அப்பத்தையும் பழச்சாற்றையும் திரைக்கு முன்னால் வைத்து உண்பது கத்தோலிக்கருக்கு நற்கருணை ஆகாது. நற்கருணையை மனத்தால் ஏற்கும் ஆன்ம நற்கருணைச் செபத்தைச் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அல்போன்ஸ் லிகோரி இயற்றியது பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயாளி என்றால் பங்கு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நற்கருணைப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவர முடியும், ஆனால் கேட்டால்தான் வருவார். மெதடிஸ்ட், லுத்தரன் சபையினர் இந்த விஷயத்தில் தங்கள் போதகரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சபைக்குச் சபை முடிவு வேறுபடும்.

குருத்து ஞாயிறும் பெரிய வியாழனும்

குருத்தோலைக்கு ஊர் முழுக்கச் செம்பனை இருக்கிறதே என்று மட்டையில் கை வைத்துவிடாதீர்கள்; முள் கிழித்துவிடும். தென்னையோலை எடுங்கள். அதிலும் இளங்கன்றின் நடுக்குருத்தை வெட்டினால் கன்று கெட்டுப்போகும், பக்கத்து ஓலை ஒன்று போதும். தோரணம் பின்னத் தெரிந்த கைகள் நம்மிடம் ஏராளம். அவர்களுக்கு ஓலைச் சிலுவை செய்வது ஒரு நிமிட வேலை. மத்தேயு 21ஆம் அதிகாரம் 1 முதல் 11 வரை வாசித்து, வாசலிலிருந்து வீட்டுக்குள் பாடிக்கொண்டு வாருங்கள்.

பெரிய வியாழன் இரவு யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாதம் கழுவுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களின் காலைத் தொடுவது இயல்பு, அதனால் பிள்ளைகள் பெற்றோரின் பாதத்தைக் கழுவிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது அழகாக இருக்கும், ஆனால் அந்த அதிகாரம் சொல்வது அதுவல்ல. போதகராக இருந்தவர் சீடர்களின் காலைக் கழுவினார், பேதுருவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா பிள்ளையின் காலைக் கழுவட்டும். மாமியார் மருமகளின் காலைக் கழுவட்டும். மருமகள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால், பேதுருவின் பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள். ஒரு பேசின், வெந்நீர், ஒரு துண்டு போதும். முடிந்ததும் மேசையிலிருந்து துணி, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமையாக விடுங்கள், கோயிலில் பீடத்தை வெறுமையாக்குவதுபோல. ஒருவரோ இருவரோ நள்ளிரவு வரை விழித்திருக்கலாம். எல்லாரும் விழித்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மறுநாள் யாருக்கும் ஒன்றும் ஓடாது.

பெரிய வெள்ளி

ஆண்டு முழுவதிலும் வீட்டு வழிபாடு கோயில் வழிபாட்டுக்கு மிக நெருங்கி வரும் நாள் இதுதான். அன்று எந்தக் கோயிலிலும் திருப்பலி இல்லை. வாசகம், மன்றாட்டு, சிலுவை ஆராதனை, முந்திய நாள் வைக்கப்பட்ட நற்கருணை. இவ்வளவுதான் அன்றைய வழிபாடு. நற்கருணை தவிர மற்ற மூன்றும் உங்கள் வீட்டில் நடக்கும். எனவே புனித வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் முழுதாகச் செய்ய முடியும் என்றால் இந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் பிற்பகல் 3 மணி. வேலையில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளட்டும், வழிபாட்டை மாலையில் வைத்துக்கொள்ளலாம். கோயில்களிலேயே மேய்ப்புப் பணிக் காரணங்களுக்காக இரவு 9 மணி வரை தள்ளிவைக்க இடம் உண்டு.

பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் தொடங்குங்கள். எல்லாரும் முழந்தாளிட்டுச் சற்று நேரம் மௌனம். பிறகு எசாயா 52ஆம் அதிகாரம் 13 முதல் 53ஆம் அதிகாரம் முடிய. அடுத்து யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு: 18, 19 ஆகிய இரு அதிகாரங்களும் சேர்த்து 82 வசனங்கள். ஒருவரே வாசித்தால் பிள்ளைகள் நெளிவார்கள். ஒருவர் வரலாற்றை வாசிக்கட்டும், ஒருவர் இயேசுவின் சொற்களை, இன்னொருவர் பிலாத்து, பேதுரு, வாயில்காப்பாளர் அனைவரையும். கூட்டத்தின் கூச்சலை எல்லாரும் சேர்ந்து. ‘அவனைச் சிலுவையில் அறையும்’ என்று சொந்த வாயால் கத்தும்போது உள்ளே ஏதோ செய்யும். அதற்காகத்தான் அந்தப் பகுதி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் உயிர்விடும் இடத்தில் முழந்தாளிட்டு நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம்.

அடுத்து பெரிய மன்றாட்டுகள். கோயிலில் பத்து: திருச்சபை, திருத்தந்தை, குருக்களும் விசுவாசிகளும், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்பவர்கள், கிறிஸ்தவ ஒற்றுமை, யூத மக்கள், கிறிஸ்துவை நம்பாதோர், கடவுளை நம்பாதோர், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர். 2020இல் நோய்த்தொற்றால் வாடுவோருக்காகச் சிறப்பு மன்றாட்டு ஒன்றை வத்திக்கான் சேர்த்தது. வீட்டில் ஒவ்வொன்றிலும் தெரிந்த பெயர்களைச் சேருங்கள். துன்புறுவோர் என்ற இடத்தில், நம் பாட்டன்மார் இருந்த அதே லயங்களில் இன்று ஊரை விட்டு வந்து தங்கியிருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களை மறக்க வேண்டாம்.

கடைசியாக, மூடியிருந்த சிலுவையைத் திறந்து, ஒருவர் பிடித்திருக்க மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து முத்தமிடலாம்; நோய்த் தொற்று பயம் இருந்தால் தலைவணங்கினால் போதும். முடிந்ததும் பேசாமல் கலைந்து போங்கள்.

தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்கள் பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். இதை வீட்டில் நடத்துவது எளிது: குடும்பத்தில் ஏழு பேரோ, தொலைபேசியில் இணையும் உறவினர்களும் சேர்ந்து ஏழு பேரோ ஆளுக்கொரு வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். பெருவின் லிமா நகரத்து இயேசு சபைக் குரு ஒருவர் தொடங்கிய பக்தி முயற்சி இது என்பது பல புராட்டஸ்டண்ட் நண்பர்களுக்கு வியப்பாக இருக்கும்.

சனி இரவு

சனிக்கிழமை பகலில் வழிபாடு எதுவும் வேண்டாம். வீட்டைக் கூட்டிப் பெருக்குங்கள், ஈஸ்டர் சமையலுக்குச் சாமான் வாங்குங்கள்.

ஈஸ்டரை வரவேற்கும் பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான். நம் பக்கம் இரவு 8 மணிக்குத் தொடங்கலாம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ளுங்கள். வறண்ட மாதத்தில் கொல்லையில் தீ மூட்டும் வீரமெல்லாம் வேண்டாம். கோயிலில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு உண்டு. குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை மட்டும் எந்தக் கோயிலும் விடுவதில்லை, நீங்களும் விடாதீர்கள். பிறகு வானவர் கீதம். அப்போது விளக்குகள் எல்லாவற்றையும் போட்டு, வீட்டில் இருக்கும் மணியை அடியுங்கள். மணி இல்லாவிட்டால் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் ஆகும். உயிர்ப்பு நற்செய்தியை வாசித்து, ஒரு கிண்ணத் தண்ணீரைச் சுற்றி நின்று திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பியுங்கள். அவரவர் எந்தக் கோயிலில், எந்த ஆண்டு திருமுழுக்குப் பெற்றார் என்று சொல்லச் சொல்லுங்கள். இன்று மூடப்பட்டுவிட்ட தோட்டங்களின் பெயர்கள் வரிசையாக வரும்.

இந்த இரவில் திருமுழுக்குப் பெற வேண்டியிருந்து முடியாமல் போனவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் அவர்களை அழைத்துப் பேசுங்கள். அவர்கள் ஏமாற்றம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது.

அக்கம்பக்கம்

பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் இரண்டுமே முழுநிலவோடு சேர்ந்து வருபவை. ஆகவே பல ஆண்டுகளில் புனித வாரத்தில்தான் பக்கத்துத் தோட்டக் கோயிலில் காவடியும் ஒலிபெருக்கியும் இருக்கும். முறைக்க வேண்டாம். உங்கள் வழிபாட்டை அரை மணி நேரம் தள்ளி வையுங்கள். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் சத்தத்தை அவர்கள் எவ்வளவு பொறுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்து மாமனார் மாமியார் இருக்கும் வீட்டில் அவர்களைச் செபத்துக்கு இழுக்காதீர்கள். வந்து உட்கார்ந்தால் ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுங்கள்.

வெள்ள நிவாரண மையத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மண்டபத்தில் நான்கு சமயத்தாரும் இருப்பார்கள். உரக்கச் செபமாலை சொல்லும் இடமல்ல அது. ஒரு மூலையில் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து ஒரு திருப்பாடலை மெதுவாக வாசியுங்கள். உணவு வரிசையில் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை கோழி வந்தால் கோழி. அங்கே வேறு சாப்பாடு கேட்டுச் சமைப்பவர்களைச் சிரமப்படுத்துவது தவமாகாது.

கதவு திறந்த பிறகு

ஆண்டுக்கு ஒரு முறையாவது பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்ற கடமை பலருக்கு உறுத்தும். தக்க காரணம் இருந்தால் ஆண்டின் வேறு நாளில் அதை நிறைவேற்றலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பாஸ்கா காலமோ ஈஸ்டரிலிருந்து 50 நாள். அதற்குள் வழி பிறக்கலாம். முதலில் பாவசங்கீர்த்தன நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தவக்கால உண்டியலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். திருமுழுக்குத் தள்ளிப்போனவர்கள் புதிய தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவில்) கார் வைத்திருப்பவர்கள் யார், காரில் எத்தனை இடம் காலி என்று பட்டியல் எடுத்து, முதல் ஞாயிறு யாரை எந்த வீட்டில் ஏற்றுவது என்று சனிக்கிழமைக்குள் முடிவு செய்துவிடுங்கள்; சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு முன் இருக்கை.